பெட்டி வரைந்து பதில் சொல்லுங்கள்: சி மொழி நேர்காணல் கேள்வி–பதில்

இந்த இதழில் சி மொழி நேர்காணல் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில் தருகிறோம். நிரல் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். கணினியில் அடிக்கும்போது வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். வேறாகச் சொல்லாத இடங்களில் 64-பிட் கணினி, 4 பைட் இன்ட் (முழு எண் வகை), 8 பைட் பாயின்டர் (முகவரியை வைக்கும் மாறி) என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மொரீஷியஸின் எபென் சைபர் சிட்டியில் ஒரு நிறுவனம் மூன்று வாரத்தில் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. இணையத்திலிருந்து 200 கேள்வி–பதில் இறக்கி வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்தால் போதுமா?
— வாசகி, ரோஸ் ஹில்

முதல் கேள்விக்குப் போதும். இரண்டாவது கேள்வி "ஏன்?" என்று வரும், அதற்கு மனப்பாடம் உதவாது. 'விடை 12' என்று சொல்பவரைவிட, 'இந்த வரியில் இரண்டு பைட் வெற்றிடம் விழும், அதனால்தான் 12' என்று சொல்பவரைத்தான் எதிரில் இருப்பவர் தேடுகிறார்.

அந்த 200 கேள்விகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஒவ்வொன்றையும் எடுத்து நான்கு விஷயங்களைக் கேளுங்கள். இந்த மதிப்பு நினைவகத்தில் எங்கே இருக்கிறது? எத்தனை பைட்? எதுவரை உயிரோடு இருக்கும்? அதை விடுவிக்க வேண்டியவர் யார்? சி மொழியின் அடிப்படைக் கேள்விகளில் பெரும்பகுதி இந்த நான்குக்குள் அடங்கிவிடும். பதிலை எழுதுவதற்கு முன் தாளில் பெட்டி வரையுங்கள். ஒரு மாறிக்கு ஒரு பெட்டி, பாயின்டருக்குப் பெட்டியும் அதிலிருந்து கிளம்பும் அம்புக்குறியும். ஒரு வாரம் விடாமல் வரைந்தால், அப்புறம் தாள் இல்லாமலே மனத்தில் பெட்டி தெரியும்.

முதல் வாரம் முழுவதையும் பாயின்டர், அரே, ஸ்ட்ரிங் மூன்றுக்கும் கொடுத்துவிடுங்கள். இரண்டாம் வாரம் நினைவகத்தில் இடம் கேட்டு வாங்கும் மேலாக் குடும்பம், பல மாறிகளை ஒன்றாகக் கட்டும் ஸ்ட்ரக்ட், எண் வகைகளின் மாற்றம். மூன்றாம் வாரம் கணினியைத் தொடாமல் தாளில் எழுதிப் பழகுங்கள். தாளில் எழுதியதை அப்படியே கணினியில் அடித்து, எத்தனை பிழை காட்டுகிறது என்று எண்ணுங்கள். அரைப்புள்ளி விடுபடுவது பெரிய குற்றமில்லை. ஸ்ட்ரிங்கின் முடிவைக் காட்டும் கடைசி பூஜ்ய பைட்டுக்கு இடம் விடாதது குற்றம்தான்.

ஜிசிசி கம்பைலரில் எச்சரிக்கைகளைக் காட்டும் டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா இரண்டையும் எப்போதும் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே, நிரல் ஓடும்போது தவறைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரையும் அன்டிஃபைன்ட் சானிட்டைசரையும் இயக்குங்கள். எல்லை தாண்டிப் படித்தால் எந்த வரியில் தாண்டினீர்கள் என்று அவை சொல்லிவிடும். 'ஓடியது, அதனால் சரி' என்ற எண்ணம் சி மொழியில் ஆபத்தானது. அந்த எண்ணத்தை உடைக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

கேள்வி: 'இன்ட் அ[10]' என்று மெயினில் அறிவித்து, எத்தனை பைட் என்று சொல்லும் சைஸ்ஆஃப் கேட்டால் 40 வருகிறது. அதே அரேயை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பி அங்கே கேட்டால் 8 வருகிறது. 'அரே என்றாலே பாயின்டர்தான்' என்று படித்தேன். அப்படியானால் இரண்டு இடத்திலும் 8 தானே வர வேண்டும்?
— வாசகர், கத்ர் போர்ன்

உங்கள் சந்தேகம் சரி, நீங்கள் படித்த வாக்கியம்தான் தவறு. அரே வேறு, பாயின்டர் வேறு. அரே என்பது பத்து இன்ட்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் 40 பைட் இடம். பாயின்டர் என்பது ஒரு முகவரியை வைத்திருக்கும் 8 பைட் பெட்டி. ஆனால் அரேயின் பெயரை ஒரு கோவையில் பயன்படுத்தினால், பெரும்பாலான இடங்களில் அது தன் முதல் உறுப்பின் முகவரியாக மாறிக்கொள்ளும். ஃபங்ஷனுக்கு அனுப்பும்போதும் அதுதான் நடக்கிறது. அங்கே போய்ச் சேருவது முகவரி மட்டும், 40 பைட் அல்ல. ஃபங்ஷனின் அடைப்புக்குள் 'இன்ட் அ[10]' என்று நீங்கள் எழுதினாலும், கம்பைலர் அதை 'இன்ட் *அ' என்றுதான் எடுத்துக்கொள்ளும். அங்கே நீங்கள் எழுதிய 10-க்கு மதிப்பே இல்லை. அதனால்தான் உறுப்புகளின் எண்ணிக்கையைத் தனி அளபுருவாக அனுப்புகிறோம்.

மாறாத இடங்கள் எவை என்று கேட்பார்கள். சைஸ்ஆஃப் போடும்போது மாறாது. முன்னால் & போடும்போது மாறாது. மேற்கோளில் எழுதிய ஸ்ட்ரிங்கைக் கொண்டு ஒரு கேரக்டர் அரேயை நிரப்பும்போதும் மாறாது. இரண்டாவதிலிருந்து ஒரு நல்ல கிளைக்கேள்வி பிறக்கும்: 'அ' என்பதும் '&அ' என்பதும் ஒன்றா? முகவரி ஒன்று, வகை வேறு. 'அ + 1' நான்கு பைட் நகரும், '&அ + 1' நாற்பது பைட் நகரும். பெட்டி வரைந்து இரண்டு அம்புகளையும் காட்டிவிட்டால், அதற்கு மேல் அந்தத் தலைப்பில் கேட்க அவர்களிடம் அதிகம் இருக்காது.

மூன்றாவது விதிவிலக்குக்கு நம் மொழியிலேயே உதாரணம் சொல்லலாம். 'தமிழ்' என்ற சொல்லை ஒரு கேரக்டர் அரேயில் வையுங்கள். எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட். எனவே ஸ்ட்ரிங்கின் நீளத்தை எண்ணும் ஸ்டர்லென் 15 தரும். சைஸ்ஆஃப் 16 தரும், முடிவைக் காட்டும் பூஜ்ய பைட்டையும் சேர்த்து எண்ணுவதால். அதே சொல்லை ஒரு பாயின்டரில் வைத்தால் ஸ்டர்லென் அதே 15, சைஸ்ஆஃப் 8. நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் மூன்றே. இந்த நான்கு எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்று விளக்கத் தெரிந்தவருக்கு ஸ்ட்ரிங் புரிந்துவிட்டது என்று சொல்வோம்.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் வரும். அரேயில் வைத்த ஸ்ட்ரிங்கில் ஓர் எழுத்தை மாற்றலாம், அது உங்கள் சொந்தப் பிரதி. பாயின்டர் சுட்டும் மேற்கோள் ஸ்ட்ரிங்கை மாற்ற முயல்வது வரையறையில்லாத நடத்தை, அதாவது என்ன நடக்கும் என்று மொழி எந்த உறுதியும் தராதது. பல கணினிகளில் அது படிக்க மட்டும் அனுமதியுள்ள பகுதியில் இருக்கும், தொட்டவுடன் நிரல் விழுந்துவிடும். அப்படிப்பட்ட பாயின்டரைக் கான்ஸ்ட் ('மாற்றக் கூடாது' என்ற குறிப்பு) சேர்த்து அறிவிப்பதே நல்ல பழக்கம். தவறு செய்தால் கம்பைலரே தடுத்துவிடும்.

கேள்வி: 'இ' யின் மதிப்பு 5. 'இ = இ++ + ++இ' என்றால் விடை என்ன? ஒரு குறிப்பில் 12 என்றும் இன்னொன்றில் 13 என்றும் இருக்கிறது.
— வாசகர், வாக்வா

இரண்டும் விடையல்ல. இந்த வரிக்கு சி மொழியின் தரநிலை எந்தப் பொருளும் தரவில்லை. ++ என்பது மாறியில் 1 கூட்டும். ஒரே மாறியை, எது முன் எது பின் என்ற ஒழுங்கு இல்லாமல், ஒரே கோவையில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றுகிறீர்கள். இதற்குப் பெயர் வரையறையில்லாத நடத்தை. 12 வரலாம், 13 வரலாம், நாளை கம்பைலரைப் புதுப்பித்தால் வேறொன்று வரலாம்.

பலரும் இங்கே முன்னுரிமை அட்டவணையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். எந்தக் குறி எந்தச் சொல்லோடு சேரும் என்பதைத்தான் அந்த அட்டவணை சொல்லும். எந்தப் பக்கம் முதலில் கணக்கிடப்படும் என்பதைச் சொல்லாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் தவறின் வேர்.

நேர்காணலில் இப்படிச் சொல்லுங்கள்: 'இது வரையறையில்லாத நடத்தை. நான் இப்படி எழுத மாட்டேன். இதன் நோக்கம் என்னவென்று சொன்னால் இரண்டு வரியாகப் பிரித்து எழுதித் தருகிறேன்.' கேட்டவர் பிடிவாதமாக ஓர் எண்ணை எதிர்பார்த்தால், 'இடமிருந்து வலமாகக் கணக்கிட்டால் 5-உம் 7-உம் சேர்ந்து 12, ஆனால் அதற்கு உறுதி இல்லை' என்று மரியாதையாகச் சொல்லலாம். உண்மையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

மூன்று சொற்களைப் பிரித்துச் சொல்லத் தெரிந்திருப்பது நல்லது. இரண்டு ஃபங்ஷன்களைக் கூட்டினால் எது முதலில் ஓடும் என்பது குறிப்பிடப்படாதது, இரண்டில் ஒன்று நடக்கும். எதிர்ம எண்ணை வலப்பக்கம் நகர்த்தினால் வரும் மதிப்பு கம்பைலரைப் பொறுத்தது, அதன் கையேட்டில் எழுதியிருக்கும். குறியுள்ள (எதிர்ம எண்ணையும் ஏற்கும்) இன்ட் தன் உச்சமான 2147483647-ஐத் தாண்டினால் அது வரையறையில்லாதது. ஆனால் குறியில்லாத இன்ட் தாண்டினால் முறைப்படி பூஜ்யத்துக்குச் சுற்றி வரும். 'இ + 1 > இ' என்று எழுதி எல்லை தாண்டுவதைச் சோதிக்க நினைத்தால், குறியுள்ள எண்ணில் அந்தச் சோதனையையே 'எப்போதும் உண்மை' என்று கம்பைலர் நீக்கிவிட உரிமை உண்டு. உகப்பாக்கத்தை (நிரலை வேகமாக்கும் கம்பைலர் வேலையை) கூட்டியதும் நன்றாக ஓடிய நிரல் கெட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: வட்டத்தின் பரப்பு கணக்கிடும் நிரலில் 'பை = 3,14;' என்று எழுதிவிட்டேன். பிழையே காட்டவில்லை. ஆனால் விடை தவறு. ஏன் காட்டவில்லை?
— மாணவி, கியூர்பிப்

பிரெஞ்சு முறையில் தசமத்துக்குக் காற்புள்ளி எழுதிப் பழகிய கை செய்த வேலை இது. மொரீஷியஸில் இந்தத் தவறு யாருக்கும் வரலாம். சி மொழியில் காற்புள்ளியும் ஒரு செயற்குறி. இருபக்கத்தையும் வரிசையாகக் கணக்கிட்டு வலப்பக்க மதிப்பைத் தரும். அதன் முன்னுரிமை எல்லாவற்றிலும் கடைசி, சமன் குறிக்கும் கீழே. எனவே கம்பைலர் இதை '(பை = 3), 14' என்று படித்தது. பையில் 3 விழுந்தது, 14 வீணாகப் போனது. டபிள்யூ-ஆல் போட்டிருந்தால் 'இந்த மதிப்புக்குப் பயனில்லை' என்று எச்சரித்திருக்கும். அதையே அறிவிப்பில் 'டபுள் பை = 3,14;' என்று எழுதியிருந்தால் பிழை காட்டியிருக்கும். அங்கே காற்புள்ளி அடுத்த மாறியின் பெயரை எதிர்பார்க்கிறது, 14 ஒரு பெயர் ஆகாது.

உள்ளீட்டிலும் இதே பூதம் உண்டு. பயனர் 3,14 என்று தட்டினால் ஸ்கேன்எஃப் 3-ஐ எடுத்துக்கொண்டு நின்றுவிடும். ',14' உள்ளீட்டு வரிசையிலேயே காத்திருக்கும். அடுத்த ஸ்கேன்எஃப் காற்புள்ளியில் முட்டி, எதையும் படிக்காமல் 0 என்று திருப்பித் தரும். அந்தத் திருப்பு மதிப்பைப் பார்க்காமல் லூப் போட்டால் நிரல் முடிவில்லாமல் சுற்றும். எனவே ஸ்கேன்எஃப் எத்தனை மதிப்பைப் படித்தது என்பதை ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். இன்னும் நல்லது, எஃப்கெட்ஸ் கொண்டு முழு வரியையும் படித்து, பிறகு எண்ணாக மாற்றுவது. (எல்லை பார்க்காத பழைய கெட்ஸ் 2011 தரநிலையிலேயே நீக்கப்பட்டது. நேர்காணல் தாளில் அதை எழுதிவிடாதீர்கள்.)

பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு குழி: ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக்க '5 / 9 * (ஃபா - 32)' என்று எழுதினால் எப்போதும் பூஜ்யம்தான் வரும். இரண்டு முழு எண்களை வகுத்தால் முழு எண்தான் கிடைக்கும், 5-ஐ 9-ஆல் வகுத்தால் 0. '5.0 / 9' என்று எழுதுங்கள், புள்ளி வைத்து.

கேள்வி: ஸ்டேட்டிக் என்றால் என்ன, ஒரே வரியில்?
— வாசகர், குட்லண்ட்ஸ்

இரண்டு வரி வேண்டும். ஃபங்ஷனுக்குள் இருக்கும் மாறியில் போட்டால், அந்த மாறி நிரல் முடியும்வரை உயிரோடு இருக்கும், மதிப்பை மறக்காது. ஃபங்ஷனுக்கு வெளியே போட்டால், அந்தப் பெயர் அந்தக் கோப்புக்கு வெளியே தெரியாது. முதலாவதை எல்லோரும் சொல்கிறார்கள், இரண்டாவதை மறக்கிறார்கள்.

கேள்வி: மேலாக், கேலாக் வித்தியாசம் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன கேட்பார்கள்?
— வாசகி, போர்ட் லூயிஸ்

மேலாக் தரும் இடத்தில் பழைய குப்பை இருக்கும், கேலாக் எல்லா பிட்டையும் பூஜ்யமாக்கித் தரும். இது உங்களுக்குத் தெரியும். அடுத்து, வாங்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக்தான் வரும். 'ப = ரீஅலாக்(ப, புதிய_அளவு)' என்று எழுதிக் காட்டி, இதில் என்ன தவறு என்பார்கள். இடம் கிடைக்காவிட்டால் ரீஅலாக் நல் (எதையும் சுட்டாத வெற்று முகவரி) தரும், பழைய இடத்தை விடுவிக்காது. நீங்களோ பழைய முகவரி இருந்த 'ப'வின் மேலேயே நல்லை எழுதிவிட்டீர்கள். அந்த இடத்துக்குப் போகும் வழி மறைந்தது, நினைவகக் கசிவு உண்டானது. விடையை ஒரு தற்காலிகப் பாயின்டரில் வாங்கி, நல் இல்லை என்று பார்த்த பிறகே 'ப'வில் வையுங்கள்.

இன்னொன்று: ரீஅலாக் இடத்தை வேறு பக்கம் மாற்றியிருக்கலாம். பழைய இடத்தின் நடுவே சுட்டிக்கொண்டிருந்த வேறு பாயின்டர்கள் உங்களிடம் இருந்தால், அவை எல்லாம் அந்த நொடியிலிருந்து செல்லாதவை.

இடத்தை விடுவிக்கும் ஃப்ரீ பற்றி: நல்லை ஃப்ரீ செய்தால் ஒன்றும் ஆகாது, அது அனுமதிக்கப்பட்டது. ஒரே முகவரியை இரண்டு முறை ஃப்ரீ செய்வது வரையறையில்லாதது. ஃப்ரீ செய்த பிறகும் பாயின்டரில் பழைய முகவரி அப்படியே கிடக்கும். வீட்டை இடித்த பிறகும் கையில் இருக்கும் பழைய விலாசம் போல. அதை வைத்துக்கொண்டு போனால் அங்கே யார் குடியிருப்பார் என்று தெரியாது. ஒரு ஃபங்ஷன் தன் உள்மாறியின் முகவரியைத் திருப்பித் தருவதும் இதே தவறுதான், அந்த மாறியின் ஆயுள் ஃபங்ஷனோடு முடிந்துவிடுகிறது. சில நேரம் சரியான மதிப்பே தெரியும், அடுத்த ஃபங்ஷனை அழைத்ததும் கலைந்துவிடும். இதனால்தான் 'எனக்குச் சரியாக வந்ததே' என்று பலர் வாதாடுகிறார்கள்.

எழுதும்போது 'ப = மேலாக்(எண்ணிக்கை * சைஸ்ஆஃப் *ப)' என்று எழுதுங்கள். நாளை 'ப'வின் வகை மாறினாலும் இந்த வரி சரியாக இருக்கும். சி மொழியில் மேலாக்கின் முன்னால் வகை மாற்றம் போடத் தேவையில்லை. சி++ மொழியில்தான் அது கட்டாயம்.

கேள்வி: ஸ்ட்ரக்டில் ஒரு கேரக்டர், ஒரு இன்ட், மீண்டும் ஒரு கேரக்டர். கூட்டினால் 6. கணினி 12 என்கிறது.
— மாணவர், ரோஸ் ஹில்

பெட்டி வரையுங்கள். முதல் கேரக்டர் 0-ஆம் பைட்டில். இன்ட் 4-இன் மடங்கில்தான் உட்காரும், எனவே 1, 2, 3 வெற்றிடம், இன்ட் 4 முதல் 7 வரை. இரண்டாவது கேரக்டர் 8-இல். ஸ்ட்ரக்ட்களை அரேயாக அடுக்கினால் அடுத்ததன் இன்ட்டும் சரியான இடத்தில் விழ வேண்டும், அதனால் 9, 10, 11 வெற்றிடம். மொத்தம் 12. இன்ட்டை முதலில் வைத்து இரண்டு கேரக்டர்களையும் பின்னால் போட்டால் 8 ஆகிவிடும். கம்பைலர் தானாக வரிசையை மாற்றாது, மொழி அதை அனுமதிப்பதில்லை. வெற்றிடத்தில் என்ன இருக்கும் என்று உறுதியில்லாததால், இரண்டு ஸ்ட்ரக்ட்களை, பைட் பைட்டாக ஒப்பிடும் மெம்கம்ப் கொண்டு ஒப்பிடக் கூடாது, உறுப்பு உறுப்பாகத்தான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: நேர்காணல் ஆங்கிலத்திலா, பிரெஞ்சிலா என்று சொல்லவில்லை. நிறுவனம் பிரெஞ்சு நிறுவனம். நான் சி படித்தது ஆங்கிலத்தில்.
— வாசகி, கத்ர் போர்ன்

பேச்சு மாறினாலும் சி மாறாது, சில சொற்களை மட்டும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பைட்டுக்கு பிரெஞ்சில் ஒக்தே. ஸ்டேக் என்பது பில், ஹீப் என்பது தா, அரே என்பது தப்லோ, ஸ்ட்ரிங் என்பது ஷேன். லைப்ரரியை 'லிப்ரேரி' என்று சொல்லிவிடாதீர்கள், அது புத்தகக் கடை. பிப்லியோதேக் என்பதே சரி. இன்ட்டின் உச்சம் சுமார் 214 கோடி. ஆங்கிலத்தில் 2 பில்லியன் என்பதை பிரெஞ்சில் 2 மில்லியார் என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சில் 'பில்லியோன்' என்றால் லட்சம் கோடி, ஆயிரம் மடங்கு பெரிய எண்.

அங்கேயே கணினியில் அடிக்கச் சொன்னால் விசைப்பலகை பிரெஞ்சு அமைப்பான அஸெர்ட்டியாக இருக்கலாம். பிரான்ஸ் அமைப்பில் நெளிவு அடைப்பை ({) திறக்க ஆல்ட்-ஜிஆர் உடன் 4-இன் விசை, மூட ஆல்ட்-ஜிஆர் உடன் சமன் குறி விசை. சதுர அடைப்பைத் திறக்க 5-இன் விசை, பின்சாய்கோட்டுக்கு 8-இன் விசை. அரை மணி நேரம் பழகிவிட்டுப் போங்கள். அடைப்புக்குறியைத் தேடும் நேரத்தில் சிந்தனை அறுந்துபோகும்.

கேள்வி: 'ஒரு ஸ்ட்ரிங்கைத் தலைகீழாகத் திருப்பு' என்று பலகையில் எழுதச் சொன்னார்களாம். இவ்வளவு எளிதாகவா கேட்பார்கள்?
— வாசகர், வாக்வா

எளிதாகத்தான் தெரியும். இரண்டு சுட்டெண்கள், ஒன்று முன்னால், ஒன்று கடைசியில். நடுவில் சந்திக்கும்வரை எழுத்துகளை இடம் மாற்றிக்கொண்டே வர வேண்டும். கடைசி பூஜ்ய பைட்டை மட்டும் நகர்த்தக் கூடாது, நகர்த்தினால் அது முதலில் வந்து ஸ்ட்ரிங் காலியாகிவிடும்.

பொறி வேறிடத்தில் இருக்கிறது. ஸ்டர்லென் தருவது குறியில்லாத எண். காலி ஸ்ட்ரிங் வந்தால் நீளம் 0, அதில் 1 கழித்தால் -1 வராது, அந்த வகையின் மிகப் பெரிய எண் வரும். கடைசிச் சுட்டெண் எங்கோ போய்விடும். எனவே நீளம் 2-க்குக் குறைந்தால் உடனே திரும்பிவிடுங்கள். அதேபோல குறியில்லாத மாறியை வைத்து 'இ >= 0' வரை இறங்கும் லூப் எழுதினால் அது நிற்கவே நிற்காது, குறியில்லாத எண் என்றைக்கும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது.

பலகையில் எழுதி முடித்ததும் நான்கு உள்ளீடுகளை நீங்களே ஓட்டிக் காட்டுங்கள்: காலி, ஓர் எழுத்து, இரட்டைப்படை நீளம், ஒற்றைப்படை நீளம். யாரும் கேட்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

எழுதத் தொடங்கும் முன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'உள்ளீடு, ஒரு பைட்டில் அடங்கும் ஆஸ்கி எழுத்து மட்டும்தானா?' 'எபென்' என்பதை பிரெஞ்சு எழுத்தில் எழுதினாலே, மேலே கோடு வைத்த எழுத்துக்கு 2 பைட். பைட் பைட்டாகத் திருப்பினால் அந்த இரண்டும் இடம் மாறிச் செல்லாத குறியீடாகிவிடும். 'தமிழ்' என்பதைத் திருப்பினால் பதினைந்து பைட்டும் சிதறும். பைட்டை விட்டுக் குறியீடு குறியீடாகத் திருப்பினாலும் புள்ளி முதலில் வந்து நிற்கும், ழகரம் புள்ளியை இழந்துவிடும்.